நாற்பதுக்குப் பின் ஓர் ஏற்றம்

சென்ற ஆண்டுத் தைப்பொங்கலுக்கு நாம் பிறந்த தோட்டத்துக்குப் போயிருந்தோம். பதுளையிலிருந்து பசறைக்குப் போய், அங்கே வேறொரு பஸ்ஸில் ஏறி, நமுனுகுல மலையை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு வளைந்து வளைந்து செல்லும் பாதையில் ஒரு மதகடியில் இறங்க வேண்டும். அங்கிருந்து லயத்துக்கு ஏற்றம். பாதி தூரம் கல்லில் வெட்டிய படிகள், மீதித் தூரம் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை. பாடசாலைக் காலத்தில் அந்த ஏற்றத்தை நாம் ஓடியே கடந்திருக்கிறோம். புத்தகப் பையுடன், வெறுங்காலுடன், சில நாட்களில் மழைக்குப் பயந்து, சில நாட்களில் அத்தையின் கைவிளக்குமாற்றுக்குப் பயந்து.

இம்முறை மூன்று தடவை உட்கார்ந்தோம். முதல் தடவை சப்பாத்து நாடாவைக் கட்டுவது போல் பாவனை செய்தோம். இரண்டாம் தடவை இயற்கைக் காட்சியை ரசிப்பது போல் இருந்தோம். மூன்றாம் தடவை பாவனை செய்வதற்கும் மூச்சு மிஞ்சவில்லை. நம்மை அழைத்துச் செல்ல மதகடி வரை இறங்கி வந்திருந்த அத்தை, நாம் கொண்டு போன கரும்பையும் அரிசிப் பையையும் தலையிலும் இடுப்பிலுமாக வைத்துக்கொண்டு பத்துப் படி மேலே நின்று திரும்பிப் பார்த்தார். அவருக்கு வயது அறுபத்தெட்டு. நமக்கு நாற்பத்தேழு.

"என்னா ராசா, இந்த ஏத்தத்துக்கே இப்புடி மூச்சு வாங்குறியே! டவுனுல ஒங்களுக்கு என்னாதான் வேல?"

நம்முடைய வேலை உட்காருவது என்பதை அத்தையிடம் எப்படிச் சொல்வது? காலையில் பஸ்ஸில் உட்காருகிறோம். காரியாலயத்தில் எட்டு மணி நேரம் உட்காருகிறோம். மாலையில் வீட்டுக்கு வந்து, உட்கார்ந்த களைப்புத் தீர மறுபடியும் உட்காருகிறோம். இருபது ஆண்டுகளாக நாம் செய்துவரும் உத்தியோகத்தின் சாரம் இவ்வளவே.

மலையக மக்களாகிய நாம் நடந்து வந்த இனத்தார். தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து தலைமன்னார்க் கரையில் இறங்கி, காடும் காய்ச்சலும் சூழ்ந்த வழியில் மாத்தளைக்கும் அதற்கு அப்பால் கோப்பித் தோட்டங்களுக்கும் நடந்த பாட்டன்மாரின் வரலாறு நமது வீடுகளில் இன்னும் சொல்லப்படுகிறது. அந்த வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்தார்கள் என்பதையும் நேயர்கள் அறிவார்கள். பதுளைக்கு ரயில் வந்ததே 1924ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் பதுளைப் பக்கத்து மலைகளில் இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் காலும் மாட்டு வண்டியுமே கதி. அத்தகையோரின் பேரப்பிள்ளை ஒருவன் நூறு படி ஏறுவதற்குள் சப்பாத்து நாடாவைத் தேடுகிறான் என்றால், குறை மலையில் இல்லை.

உட்கார்ந்த வேலைக்கும் நடமாடும் வேலைக்கும் உள்ள வேற்றுமையை முதன்முதலில் கணக்கெடுத்துக் காட்டியவர் ஜெரி மொறிஸ் என்னும் பிரித்தானிய வைத்தியர். இலண்டன் மாநகரின் இரண்டு தட்டு பஸ்களில் வேலை செய்த சாரதிகளையும் நடத்துநர்களையும் அவர் ஒப்பிட்டார். இரு சாராரும் ஒரே வகைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், ஒரே பஸ்ஸில் வேலை செய்பவர்கள். ஆனால் சாரதி நாள் முழுவதும் ஆசனத்தில் இருக்கிறார், நடத்துநர் நாள் முழுவதும் மாடிப்படி ஏறி இறங்குகிறார். 1953ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முடிவுப்படி, நடத்துநர்களுக்கு மாரடைப்புக் குறைவு. வந்தாலும் பிந்திய வயதில் வந்தது, கடுமையும் குறைந்திருந்தது. தபால் கொண்டு செல்வோரையும் தபால் கந்தோரில் உட்கார்ந்து எழுதுவோரையும் ஒப்பிட்டபோதும் அதே பாடம் கிடைத்தது. மொறிஸ் தமது ஆராய்ச்சியைத் தாமே நம்பியவர். முதுமையிலும் உடற்பயிற்சியைக் கைவிடாத அவர் 2009ஆம் ஆண்டில், தமது 99ஆம் வயதில் காலமானார்.

நாம் சாரதியின் கட்சி என்பது பொங்கலன்று தெரிந்துவிட்டது. எவ்வளவு தூரம் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டோம் என்பதை அறிய, அடுத்த வாரமே அரசாங்க வைத்தியசாலையொன்றில் நடைபெறும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையத்துக்குப் போனோம். இத்தகைய நிலையங்கள் 2011ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் ஏற்படுத்தப்பட்டு வருகின்றன. முதலில் நாற்பது வயது முதல் அறுபத்தைந்து வரையானோருக்கு என்று தொடங்கி, பின்னர் முப்பத்தைந்து வயதினரையும் சேர்த்துக்கொண்டார்கள். நோய் எதுவும் இல்லை என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள்தாம் அங்கே போக வேண்டியவர்கள். நிறை, உயரம், இரத்த அழுத்தம், இரத்தத்தில் சீனி முதலியவற்றை அளந்து சொல்கிறார்கள், பணம் வாங்குவதில்லை. நாம் போன அன்று வாங்கில் இருந்த பதினைந்து பேரில் ஆண்கள் நம்மோடு இருவர். மற்றவரும் மனைவியின் கட்டாயத்தால் வந்தவர் என்பதை அவர் முகமே சொல்லியது.

நமது நிறை 78 கிலோ, உயரம் 165 சென்ரிமீற்றர். நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண் இருபத்தெட்டைத் தாண்டியிருந்தது. நம்மைப் போன்ற ஆசியருக்கு அது இருபத்து மூன்றைக் கடக்கும்போதே எச்சரிக்கை வேண்டும் என்கிறார்கள். இடுப்பின் சுற்றளவு 101 சென்ரிமீற்றர். நமது ஆண்களுக்குத் தொண்ணூறும் பெண்களுக்கு எண்பதும் எல்லை. இரத்த அழுத்தம் 148க்கு 94. வெறுவயிற்றில் சீனி 114. "ஐயாவுக்கு இன்னும் நீரிழிவு வரவில்லை. ஆனால் அது வாசலுக்கு வந்துவிட்டது," என்றார் அங்கிருந்த தாதி. வாசலுக்கு வந்தவரை வாவென்று அழைப்பது தமிழர் பண்பாடு. இந்த ஒரு விருந்தாளி விஷயத்தில் அதை மறந்துவிடத் தீர்மானித்தோம்.

தீர்மானம் செய்வது எளிது. அடுத்த நாளே பதுளைக் கடைவீதியில் விலையுயர்ந்த சப்பாத்து ஒரு சோடி வாங்கினோம். மறுநாள் காலை நாலரை மணிக்கு எழுந்தோம். பக்கத்திலுள்ள செங்குத்தான பாதையைத் தெரிந்தெடுத்து, வாலிபத்தில் ஏறிய வேகத்தில் ஏறினோம். இரண்டாம் நாளும் ஏறினோம். மூன்றாம் நாள் வலது முழங்கால் பலாக்காய் போல வீங்கிவிட்டது. பிறகு மூன்று வாரம் சப்பாத்து கட்டிலின் கீழும், நாம் கட்டிலின் மேலுமாக இருந்தோம். அந்த மூன்று வாரத்தில் நிறை ஒரு கிலோ கூடியது.

நேயர்களில் பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள் என்று எண்ணுகிறோம். "பார்த்தாயா, இந்த வயதில் இதெல்லாம் தேவையா?" என்று கேட்பதற்கு வீட்டிலும் அயலிலும் ஆள் உண்டு. நமக்கும் இருந்தார்கள். நாம் மீண்டும் தொடங்கியதற்கு, படுக்கையில் கிடந்தபோது வாசித்த ஒரு செய்தியே காரணம். அமெரிக்காவின் டலஸ் நகரில் 1966ஆம் ஆண்டில், இருபது வயதுடைய ஆரோக்கியமான ஐந்து வாலிபர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்கச் செய்து, அவர்களுடைய இதயத்தின் வலிமை எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். முப்பது ஆண்டு கழித்து, ஐம்பது வயதான அதே ஐவரையும் மீண்டும் கூட்டி அளந்தார்கள். அந்த மூன்று வாரப் படுக்கை அவர்களுக்குச் செய்திருந்த கேடு, முப்பது ஆண்டு முதுமை செய்த கேட்டைவிடப் பெரிது என்று கண்டார்கள்! அதோடு விடவில்லை. ஐவரையும் நடை, மெதுவோட்டம், சைக்கிள் என்று சிறுகச் சிறுகக் கூட்டி ஆறு மாதம் பழக்கினார்கள். உடம்பு பிராண வாயுவை எடுத்துப் பயன்படுத்தும் ஆற்றலில் முப்பது ஆண்டுகளில் இழந்தது முழுவதும் திரும்பக் கிடைத்தது. ஐந்தே பேரை வைத்துச் செய்த சோதனைதான், அதிகம் கூறலாகாது. ஆனால் கட்டிலில் கிடந்த ஒருவனுக்கு, கட்டிலைவிட்டு எழ அது போதுமாயிருந்தது.

இரண்டாம் முறை வீரம் காட்டவில்லை. காரியாலயத்துக்குப் போகும் பஸ்ஸில் ஒரு தரிப்பிடம் முன்பாக இறங்கினோம். பத்து நிமிட நடை, சமதரை, அவ்வளவே. இரண்டு வாரம் கழித்து மாலையிலும் அப்படியே. ஒரு மாதம் சென்ற பிறகு வின்சன்ட் டயஸ் மைதானத்துப் பக்கமாக ஒரு சுற்று. மூன்றாம் மாதத்தில்தான் ஏற்றமான பாதையைத் தொட்டோம், அதுவும் இறங்கும்போது குறுக்காக வளைந்து இறங்கினோம். முழங்காலைக் கெடுப்பது பெரும்பாலும் ஏற்றமன்று, இறக்கமே. உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் கூறிய அளவு, வாரத்துக்கு நூற்றைம்பது முதல் முந்நூறு நிமிடம் வரை மிதமான வேகத்தில் நடப்பதோ, அதற்குச் சமமான வேறு பயிற்சியோ ஆகும். மிதமான வேகம் என்பதற்கு இயந்திரம் வேண்டியதில்லை. நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. நமக்கு எப்போதுமே பாட வராது என்பதால் பேச்சை மட்டும் கவனித்துக்கொண்டோம். பத்தாயிரம் அடி நடந்தால்தான் நடை என்று சிலர் கைக்கடிகாரத்தைப் பார்த்து வருந்துகிறார்கள். அந்த எண் 1965ஆம் ஆண்டில் ஜப்பானில் அடி எண்ணும் கருவியொன்றை விற்பதற்கு வைத்த பெயரிலிருந்து பரவியது. அதனிலும் குறைவாக நடப்போருக்கும் பலன் உண்டு.

அந்த நிறுவனத்தின் யோசனையில் பலரும் விட்டுவிடும் ஒரு பகுதி, வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பது. நாற்பதுக்குப் பிறகு தசை கேளாமலே கழன்று போகிறது. இரும்புக் குண்டு தூக்க வேண்டும் என்பதில்லை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்கார்ந்து பாருங்கள். நமக்கு முதல் நாள் ஆறு தடவைதான் முடிந்தது. நெஞ்சில் வலியோ, சும்மா இருக்கும்போதே மூச்சுத் திணறலோ உள்ளவர்கள் மாத்திரம் வைத்தியரைக் காணாமல் எதையும் தொடங்கலாகாது.

இவ்வாறு நாம் நம்மைப் பற்றியே பெருமையாக எண்ணிக்கொண்டிருந்த வேளையில், சித்திரை மாதம், தோட்டத்திலிருந்து தொலைபேசி வந்தது. அத்தை பீலிக்கரையில் விழுந்துவிட்டார்.

வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலக்கை எழவில்லை. பேச்சுக் குழறியது. இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் ஒரு நிமிடமும் தாமதியாமல் பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதை நேயர்கள் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டுகிறோம். சில சிகிச்சைகள் முதற் சில மணி நேரத்துக்குள் மாத்திரமே பயன்படும். பூசாரியிடம் கயிறு கட்டவும், எண்ணெய் தேய்த்துப் பார்க்கவும் பிறகு நேரமுண்டு. அத்தையை அயல் லயத்துப் பையன் முச்சக்கர வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தான். உயிர் பிழைத்தது. அன்று அவருடைய இரத்த அழுத்தம் 210க்கு 120.

நூறு படியைப் பை சுமந்து ஏறிய அத்தை! பதினாறு வயதில் பேர் பதிந்து, ஐம்பத்தெட்டு வயதுவரை கொழுந்து பறித்தவர். முதுகில் கூடையும் இடுப்பில் படங்குமாக, மழையிலும் கச்சான் காற்றிலும், அட்டைக்கும் குளவிக்கும் நடுவே நாற்பத்திரண்டு ஆண்டு மலையேறியவர். மொறிஸ் வைத்தியரின் கணக்குப்படி பார்த்தால் அவர் நடத்துநர் கட்சியின் தலைவியாக அல்லவா இருக்க வேண்டும்? அவருக்கு ஏன் இது வந்தது என்று நாம் பல இரவு எண்ணினோம்.

விடையின் ஒரு பகுதியை டென்மார்க்கு நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர் பிற்காலத்தில் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். தானாக விரும்பி, ஓய்வு வேளையில், வேண்டும்போது நிறுத்தக்கூடியதாகச் செய்யும் பயிற்சி இதயத்தை வளர்க்கிறது. பிறர் நிறுவைக்காக, நாள் முழுவதும், இளைப்பாற இடமின்றிச் சுமந்து செய்யும் வேலை அப்படி வளர்ப்பதில்லை, சில வேளை தேய்க்கவும் செய்கிறது என்பது அவர்களுடைய கட்சி. வறுமையின் கேட்டை வேலையின் கேடு என்று எண்ணிவிடக்கூடாது என்று மறுப்பாரும் உளர். எப்படியாயினும், எல்லவிலும் ஹப்புத்தளையிலும் வெளிநாட்டார் பணம் கொடுத்து ஏறும் அதே சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்ணைப் பார்த்து, "இவளுக்கு என்ன, தினமும் தேகாப்பியாசம்!" என்று சொல்வது பெரும் பிழை. நாமே அப்படிச் சொல்லியிருக்கிறோம். பொங்கலன்றுகூடச் சொன்னோம்.

மற்றப் பகுதி அடுப்படியில் இருந்தது. காலையில் கோதுமை மா ரொட்டி, உப்பும் மிளகாயும் தூக்கலாக இடித்த சம்பல், மத்தியானம் சோற்றோடு கருவாடு. நாளொன்றுக்கு ஐந்து தேக்கரண்டி உப்பு என்று யாரும் சாப்பிடுவதில்லைதான், ஆனால் ஒரு தேக்கரண்டிக்கு மேற்படலாகாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. சாயத் தேநீர் நாளுக்கு ஆறு கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி. கூட்டிப் பாருங்கள், ஐம்பது கிராமுக்குக் கிட்ட வரும், அதுவே ஒரு நாளைக்கு உச்ச அளவு, பாதியாக இருந்தால் நன்று என்கிறார்கள். உலகமே புகழும் ஊவாத் தேயிலையைப் பறித்த கைக்குத் தோட்டத்தில் கிடைத்தது தூள்தான். அந்தத் தூளின் கசப்பை மறைக்கச் சீனி வேண்டியிருந்தது. போதாததற்கு வாயில் புகையிலையோடு வெற்றிலை. அது வாய்ப் புற்றுநோய்க்கு வழி, இரத்தக் குழாய்க்கும் நல்லதன்று. அறுபத்தெட்டு வயதுவரை ஒரே ஒரு தடவையேனும் அத்தையின் கையில் இரத்த அழுத்தப் பட்டியைக் கட்டியவர் இல்லை. நிலையம் திறந்திருக்கும் நாளெல்லாம் வேலை நாள். போனால் ஒரு நாட்பேர் போய்விடும். ஓய்வு பெற்ற பிறகோ, "எனக்கு என்னா வருத்தம்? நான் என்னா படுத்தா கெடக்குறேன்?" என்ற எண்ணம். இரத்த அழுத்தம் படுக்கப் போட்டு வருவதில்லை, வந்து படுக்கப் போடுகிறது.

நாம் ஒரு குடும்பம். மருமகனிடம் அளவு இருந்தது, நடை இல்லை. அத்தையிடம் நடை இருந்தது, அளவு இல்லை.

அளந்தபின் நடந்தால் பலன் உண்டா என்று கேட்போருக்கு, நமது இரத்தத்துக்கு நெருங்கிய ஒரு சான்று சென்னையிலிருந்து கிடைக்கிறது. நீரிழிவு வாசலில் நிற்கும் 531 பேரை, சராசரி வயது நாற்பத்தாறு உடையவர்களை, வைத்தியர் ராமச்சந்திரன் குழுவினர் மூன்றாண்டளவு கவனித்து 2006ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். நடையையும் உணவையும் திருத்திக்கொள்ள இடைவிடாது யோசனை கூறப்பட்டோரில், அவ்வாறு கூறப்படாதோரைக் காட்டிலும் நோய் வந்தது ஏறக்குறைய நூற்றுக்கு இருபத்தெட்டுப் பங்கு குறைவு. மெற்போமின் மாத்திரை உண்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது அதற்கு மேல் பலன் கூடவில்லை. நடை மாத்திரைக்குக் குறைந்ததன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் ஏற்கெனவே மாத்திரை எடுப்போர் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடலாகாது, அது வைத்தியர் சொல்ல வேண்டிய காரியம்.

வீட்டுப் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் காலை நடைக்குப் புறப்பட்ட முதல் மாதத்தில், நமது வீட்டம்மா நமக்கு முன்பே எழுந்து கொதிநீர் வைத்து, நாம் திரும்புவதற்குள் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டி முடித்திருப்பார். அவருக்கும் நாற்பத்து நான்கு வயது. அவருடைய இடுப்பை யாரும் அளக்கவில்லை. கணவன் ஆரோக்கியம் தேடிப் போக மனைவி அடுப்பைக் காப்பது என்ன நியாயம் என்று ஒரு நாள் அவரே கேட்டார். இப்போது திங்கள், புதன், வெள்ளி அவர் நடக்கிறார், நாம் சம்பல் இடிக்கிறோம். உப்பு இயல்பாகவே குறைந்துவிட்டது, ஏனெனில் எவ்வளவு போடுவது என்று நமக்குத் தெரியாது.

மாணவ நேயர்களுக்கும் வேலை உண்டு. விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது ஒரு சணல் கயிறு எடுத்துச் செல்லுங்கள். தந்தையாரை நிறுத்தி உச்சி முதல் குதிக்கால் வரை அளந்து, அதைச் சரிபாதியாக மடித்து, அவர் இடுப்பைச் சுற்றிப் பிடியுங்கள். முனைகள் தொட்டால் நல்லது. தொடாவிட்டால் எவ்வளவு இடைவெளி என்று அவரே பார்க்கட்டும். உபதேசம் எதுவும் செய்ய வேண்டாம். கயிறு பேசுவதைப் போல் பிள்ளை பேச முடியாது. பிறகு தாயாருக்கும், லயத்திலுள்ள அத்தை, சித்தி, பெரியம்மாக்களுக்கும் அப்படியே செய்து, வரச் சம்மதிப்பவரை நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். நமக்கு அந்த எண்ணம் பொங்கலன்று வந்திருக்கலாம்.

தொடங்குவதைவிடத் தொடர்வது கடினம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நமது அனுபவத்தில் தொடர்வது என்பதே மீண்டும் மீண்டும் தொடங்குவதுதான். ஆடித் திருவிழா வந்தது, பத்து நாள் நின்றது. பிள்ளையின் பரீட்சை வந்தது, ஒரு வாரம் நின்றது. ஐப்பசி மழை தொடங்கியதும் பதுளையில் காலையில் வெளியே கால் வைக்க முடியாது. அப்போதெல்லாம் வீட்டுக்குள்ளேயே ஒரு படியில் ஏறி இறங்கி ஒப்பேற்றினோம். மழைக்கால மலைப்பாதையில் வீரம் காட்டலாகாது என்பதைக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி மண்ணில் புதைந்த லயங்கள் நமக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தன.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. பதுளை மாவட்டத்தில் எத்தனை வீடுகள், எத்தனை உயிர்கள் என்பதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நாட்களில் நடைப் பயிற்சி என்ற சொல்லே நினைவில் இல்லை. மண் அள்ளுவதும் தண்ணீர் சுமப்பதுமாயிருந்தது. தோட்டத்துக்குத் தொலைபேசி இல்லை. நான்காம் நாள்தான் தொடர்பு கிடைத்தது. அத்தையின் லயத்துக்குச் சேதமில்லை, மேல் லயத்தார் மாத்திரம் பாடசாலையில் தங்கியிருக்கிறார்கள் என்றார்கள். ஆனால் இரத்த அழுத்த மாத்திரை முடிந்து இரண்டு நாளாயிற்று.

மழை விட்டு, போகலாம் என்று தோட்டத்தார் சொன்ன பிறகு புறப்பட்டோம். பஸ் ஓடிய வரை பஸ். பிறகு மண் மூடிய இடங்களைச் சுற்றி நடை. மாத்திரையைச் சட்டைப் பையிலும், ஐந்து கிலோ அரிசியும் பருப்பும் பால்மாவும் கொண்ட பையை முதுகிலும் வைத்துக்கொண்டு மதகடியை அடைந்தபோது மத்தியானம் கடந்துவிட்டது. படிகளில் சில பெயர்ந்து கிடந்தன. நாம் மேலே பார்த்தோம். முழங்காலைத் தடவிக்கொண்டோம். பிறகு பேச முடிந்த அளவு வேகத்தில், பேசுவதற்கு ஆளில்லாமலே, ஏறினோம்.

அத்தை இஸ்தோப்பில் இருந்தார். கையில் கம்பு. சித்திரைக்குப் பிறகு தினமும் அந்தக் கம்போடு இஸ்தோப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து, ஆவணியில் வாசலுக்கு இறங்கி, கார்த்திகையில் பீலிக்கரை வரை போய்வரப் பழகியிருந்தார். வெற்றிலையை விட்டுவிட்டார், புகையிலையைப் பற்றிக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தேநீரில் ஒரு கரண்டி. பேச்சுக் கொஞ்சம் இழுத்தது.

மாத்திரையை எடுத்துக் கொடுத்தோம். ஒன்றைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, நம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

"எத்தன தடவ ஒக்காந்த?"

"ஒரு தடவைதான் அத்தை," என்றோம் மார்பை நிமிர்த்தி.

அந்த இஸ்தோப்பிலிருந்து மதகடி வரை முழுப் பாதையும் தெரியும் என்பது நமக்கு மறந்துபோயிருந்தது.

"ரெண்டு," என்றார் அத்தை.